இரண்டு கார்டும் ஒரு பாஸ்வேர்டும்

போன வாரம் சின்ன மருமகள் அறைக்கதவைப் படாரென்று சாத்திக்கொண்டதோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பெரிய மருமகளுக்குப் பரிந்து பேச ஒரு ஆள்கூட இல்லை போலிருக்கிறது. 'ஆள் இருக்கும்போதே ஃபேனை அணைக்கிற கருமி' என்று ஒருவர். 'ஓரகத்தி நன்றாக இருந்தால் இவளுக்குப் பொறுக்காது' என்று இன்னொருவர். எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் இந்த வாரத்துக் கடிதத்தை மட்டும் கடைசி வரியைப் படித்த பிறகு எழுதுங்கள்.

இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஒரே வீடு, இரண்டு மருமகள்கள். பெரியவள் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறான். சின்னவள் அறைகளின் உள்ளமைப்பை வடிவமைக்கிறவள். லேப்டாப்தான் அவளுக்கு ஆபீஸ், கடை எல்லாம். அவள் புருஷனுக்கு, அதாவது சின்னவனுக்கு, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வாரக் கடைசியில் வந்து போகிறான். இவர்கள் எல்லோருக்கும் நடுவில், டிவி சத்தத்தைக் குறைக்காத மாமனார்.

சின்னவனுக்கு இப்படி வந்து போவது அலுத்துவிட்டது. நீயும் கிளம்பி வா என்கிறான். தன் ஆபீசிலேயே அவளுக்கு ஒரு மேஜை வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டான். கோப்பு அடுக்குகிற வேலை. படித்த படிப்பையும் பழகிய தொழிலையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு அவள் அந்த மேஜையில் போய் உட்கார வேண்டும்.

அவள் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டாள். நூலகத்தின் வாசிப்பறையைப் புதுப்பிக்க யோசனை சொல்லும்படி அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கமிட்டி முன்னால் படம் போட்டுக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் இங்கேயே இருந்து தொழில் செய்வாள், அவன் இப்போது போலவே வந்து போவான். கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போய்விடுவாள். அவனும் சரி என்றான்.

போன வாரச் சண்டை இதிலெல்லாம் இல்லை, ஒரு பாஸ்வேர்டில். பள்ளிக்கூடத்து பிரிண்டரைச் சேர்க்க வேண்டும் என்று பெரியவள் சின்னவளின் லேப்டாப் பாஸ்வேர்டைக் கேட்டாள். அது என் தொழில் மெஷின், யாருக்கும் தர மாட்டேன் என்று சின்னவள் சொன்னாள். நான் யாரோவா என்று பெரியவள் கேட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து சின்னவள் வாயில் 'அக்கா' வரவில்லை. எல்லாம் மொட்டைப் பேச்சுதான். சாப்பாடு ஆச்சு என்பாள், போன் அடிக்குது என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று சுவருக்குத்தான் தெரியும்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம்.

நூலகத்தின் மாடியில், அந்தப் பழைய வாசிப்பறையிலேயே கூட்டம். ஒரு ஓரமாக மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நூலகர் அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு. அறையின் மறுகோடியில் வழக்கமாக வருகிறவர்கள் வழக்கம்போல் படித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நடந்தால் அவர்களுக்கென்ன.

சின்னவள் லேப்டாப்பைத் திறந்தாள். புரொஜெக்டர் கேபிளைச் செருகினாள். சுவரில் விழுந்த நீலச் சதுரத்தில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

கேபிளை எடுத்து ஊதிவிட்டு மறுபடியும் செருகினாள். அதேதான். அட்டெண்டர் அலமாரியிலிருந்து வேறு கேபிள் கொண்டுவந்தார், அதிலும் வரவில்லை. நூலகர் அம்மாள் தன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். அவருடைய பூனைப் படம் சுவர் முழுக்க ஜம்மென்று வந்து நின்றது. ஆகக் கோளாறு புரொஜெக்டரிலும் இல்லை, கேபிளிலும் இல்லை.

சரி, லேப்டாப்பிலேயே காட்டுகிறேன் என்று சமாளித்துத் தன் புரோகிராமைத் திறந்தாள். அது அதைவிட மோசம். சனிக்கிழமை வெண்ணெய் மாதிரி நகர்ந்த அறை, இப்போது விக்கி விக்கி நின்றது. கதவைத் திறந்து உள்ளே போகிற காட்சியில் கதவு பாதியிலேயே நின்றுவிட்டது.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தணிவாகத்தான் கேட்டார். ஆனால் அடுத்த நாள் காட்ட வேறு இரண்டு பேர் காத்திருப்பது சின்னவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு போனோடு மாடிப்படிக்கு வந்தாள்.

புருஷனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அந்த லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டம். அது தெரிந்த இன்னொரு ஆள் அவளுக்கு இந்த உலகத்தில் ஒருத்திதான். அவள் பள்ளிக்கூடத்து லேப் முழுக்க அதுதான் ஓடுகிறது. மானமா, வேலையா என்று அந்தப் படியில் நின்று யோசிக்க நேரமில்லை.

"அக்கா," என்றாள் சின்னவள். "கேபிளைப் போட்டா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரலக்கா."

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். பெரியவள் பதறவில்லை, ஏன் எப்படி என்று குடையவும் இல்லை. புரோகிராமும் நிற்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றாள் சின்னவள்.

"நான்தான் மாத்தி வச்சேன்," என்றாள் பெரியவள். "ஞாயித்துக்கிழமை. ரொம்பச் சூடாகுதேன்னு பெரிய கார்டை அணைச்சுட்டேன். என்னை அப்புறம் திட்டிக்கோ. இப்ப நான் சொல்றதைச் செய்."

சின்னவளுக்குக் கோபம் ஏறியது. யாரும் இல்லாத அறை விளக்கை அணைப்பாள், ஃப்ரிட்ஜைக்கூட ராத்திரி அணைக்கலாமா என்று ஒருமுறை கேட்டவள். கடைசியில் என் தலையிலேயே கை வைத்துவிட்டாளா! கத்தத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே தலைவர் நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

இங்கே நான் ஒரு நிமிடம் குறுக்கே வர வேண்டும். இல்லாவிட்டால் கார்டு என்றால் ரேஷன் கார்டா என்று கேட்டு அதற்கும் கடிதம் எழுதுவீர்கள்.

அந்த மாதிரி லேப்டாப்பில் படம் காட்டுகிற சில்லு இரண்டு இருக்கும். கார்டு என்பது அதைத்தான். ஒரே வீட்டில் இரண்டு மருமகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சின்ன கார்டு அன்றாடக் காரியங்களைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும், சார்ஜும் அதிகம் தின்னாது. பெரிய கார்டு பலசாலி. வெயில், நிழல், கண்ணாடி என்று கனமான படங்களை அதுதான் சுமக்கும். அதற்கேற்ற தீனியும் கேட்கும், சூடும் ஆகும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தும் போடலாம், இரண்டையும் வைத்துக்கொண்டு வேண்டும்போது பெரியதைக் கூப்பிடவும் செய்யலாம். காசு கொடுத்து வாங்குகிற சிஸ்டங்களில் இது தானாக நடந்துவிடும். இந்த இலவச லினக்ஸில் நாம்தான் கட்டளை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். அந்த லேப்டாப்பில் வெளித் திரைக்கான கேபிள் ஓட்டை பெரிய கார்டோடு மட்டும்தான் இணைந்திருந்தது. அது அணைந்திருந்தால் நீங்கள் எத்தனை கேபிள் மாற்றினாலும் சுவரில் ஒன்றும் வராது.

இது சின்னவளுக்குத் தெரியாத விஷயமில்லை. கல்யாணமான புதிதில் அவளும் அவனுமாகத் தரையில் உட்கார்ந்து அந்த லினக்ஸைப் போட்டார்கள். டிவியில் படம் வரவில்லை என்று ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் இந்த ஓட்டை விவகாரத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாமனார் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். பாஸ்வேர்டும் அன்றைக்கு வைத்ததுதான். அவர்கள் இருவருக்கு மட்டுமே புரிகிற ஒரு வார்த்தை. ஆனால் பதற்றத்தில் மனுஷிக்குத் தன் பேரே மறந்துபோகும், இதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்.

பெரியவள் போனில் சொல்லச் சொல்லச் சின்னவள் கட்டளை அடிக்கிற கருப்பு ஜன்னலைத் திறந்தாள். இப்போது எந்தக் கார்டு ஓடுகிறது என்று கேட்கும் கட்டளை முதலில். சின்னது மட்டும் என்று பதில் வந்தது. அடுத்து, இரண்டும் வேண்டும் என்கிற கட்டளை. நடுவில் சிறிய கோடு இருக்கிறது, இடைவெளி விட்டுவிடாதே என்று பெரியவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரல்.

"இப்ப பாஸ்வேர்ட் கேக்கும். நீ அடிக்கறது ஸ்க்ரீன்ல தெரியாது, ஆனா ஏறும். பயப்படாம அடிச்சு என்டரைத் தட்டு."

அடித்தாள். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் ஏறியது. ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்றாள் பெரியவள். போட்டாள்.

லேப்டாப் எழுந்து வருவதற்குள் யுகம் போவது போலிருந்தது. தலைவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று சின்னவளுக்குப் பட்டது. மறுகோடியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முகத்தில் வெயில் படுகிறதென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை இழுத்தார்.

அவரைப் பாருங்கள் என்றாள். மதியத்துக்கு மேல் இந்த அறையில் யாரும் புத்தகம் படிப்பதில்லை, நாற்காலி நகர்த்துகிறார்கள் என்றாள். நூலகர் அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் இதே அறையில் இருந்தும் எனக்கு இது தோணவே இல்லையே என்றார்.

அதற்குள் லேப்டாப் எழுந்துவிட்டது. கேபிளைச் செருகினாள். நீலச் சதுரம் ஒருமுறை கண் சிமிட்டியது. சுவரில் அவளுடைய வாசிப்பறை விரிந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. அலமாரிகளைச் சுவரிலிருந்து பிரித்து ஜன்னலுக்குக் குறுக்காகத் திருப்பிப் போட்டிருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலை நகர்த்திக் காட்டினாள். நிழல் மேஜை மேஜையாக ஊர்ந்து போயிற்று, ஆனால் ஒரு நாற்காலியில்கூட வெயில் யார் கண்ணிலும் குத்தவில்லை. மதியத்துக்கு மேல் எப்படி, மறுபடியும் காட்டுங்கள் என்று நூலகர் அம்மாள் கேட்டார். காட்டினாள். ஒரு விக்கல் இல்லை, நிற்கவில்லை.

தலைவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். இனி வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை, ஆரம்பித்துவிடுங்கள், காகிதமெல்லாம் அனுப்பி வைக்கிறோம் என்றார். அவ்வளவுதான். தலைவிதி மாறுகிற நேரத்தில் ஜனங்கள் எவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறார்கள்!

நூலக வாசலில் நின்று மறுபடியும் புருஷனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பெரியவளுக்குச் செய்யவில்லை. வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், அவள் மேல் உள்ள கோபம் ஒரு பக்கம். நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம். மடியில் லேப்டாப் பை. கேள்விகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தாள். யாரைக் கேட்டு என் மெஷினைத் தொட்டீர்கள். எனக்குத் தெரியாமல் எப்படிக் கட்டளை அடித்தீர்கள். நான் போவது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா.

இரண்டாவது கேள்வியில் தடுக்கி நின்றாள். கட்டளை அடித்தால் மெஷின் பாஸ்வேர்ட் கேட்குமே. மதியம் தன்னிடமே கேட்டதே. அந்தப் பாஸ்வேர்ட் தெரியாமல்தானே பெரியவள் போன வாரம் சண்டை போட்டாள்?

அதன் பிறகு பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். அவர் கண்ணை எடுப்பதே பெரிய மரியாதை. "என்னம்மா, வேலை கிடைச்சுதா?" என்றார். கிடைத்தது என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டுச் சத்தத்தை இன்னும் இரண்டு கட்டை ஏற்றினார். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வார். வாசலில் எதிர்வீட்டுக்காரியும் அதையேதான் கேட்டிருந்தாள். இந்த ஒரு கேள்விக்காகத்தானே எல்லோரும் காத்திருந்தார்கள்.

சமையலறையில் பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டாள். சின்னவள் தலையாட்டினாள். பெரியவளுக்கு முகமெல்லாம் பல். உடனே அதை அடக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் திரும்பினாள். திட்டு வாங்கப்போகிறவள் சிரிக்கக் கூடாதில்லையா.

"எப்பக்கா மாத்தினீங்க?"

"ஞாயித்துக்கிழமைதான். நீ குளிக்கப் போனப்ப."

"பாஸ்வேர்ட் கேட்டிருக்குமே."

பெரியவள் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். கேட்டதாக ஞாபகம் இல்லை என்று முணுமுணுத்தாள். லேபையே கட்டி மேய்க்கிறவள் சொல்கிற பேச்சா இது? பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், பாவம், அது அவளுக்கு இல்லை.

சின்னவள் குழாயை மூடினாள். பிறகு விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. சனிக்கிழமை வேலையை முடித்து டிவியில் போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று லேப்டாப்பைப் பையில் வைத்தவள் சின்னவள். முடித்த வேலையை மறுபடி திறந்து பார்க்க மாட்டாள், அது அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போனபோது சின்னவன் டிக்கெட் போட வேண்டும் என்று அதை வெளியே எடுத்தான். பெரியவள் அந்தப் பக்கம் போனபோது மெஷின் ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்துகொண்டிருந்தது. டிக்கெட் போட மெஷினை ஏன் அணைக்க வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. மதியம் போனில் 'ஸ்க்ரீன் வரவில்லை' என்று கேட்டதும்தான் தோன்றியது.

"அப்ப ஏன் உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?"

"அந்த நேரத்துல தம்பி பேரைச் சொல்லியிருந்தா நீ அங்கேயே உடைஞ்சு போயிருப்ப. கட்டளை எங்க அடிப்ப? என் பேரைச் சொன்னா கோபம்தான் வரும். கோபத்துல கை நல்லா வேலை செய்யும்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் திட்டு வாங்கறது என்ன புதுசா? நீ போயிட்டா இந்த வீட்டுல நான் அந்த டிவியோடதான் பேசிட்டு இருக்கணும்."

கடிதம் எழுதியவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

சின்னவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பெரியவள் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளே கொழுந்தனுக்காகப் பரிந்தும் பேசினாள். சூடானால் லேப்டாப்புக்குள் சுற்றுகிற ஃபேன் சத்தம் அவனுக்கு எப்போதுமே பிடிக்காதே, சூடு குறையட்டும் என்று நல்ல எண்ணத்தில் அணைத்துவிட்டு உன்னிடம் சொல்ல மறந்திருப்பான் என்றாள். வெளித் திரை அதில்தான் வரும் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது என்றாள்.

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருக்கும் என்று நினைத்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்த அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. மறந்திருப்பான். மனுஷனுக்கு மறதி வராதா? அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனசு இறங்கி வந்துகொண்டிருந்தது. போன் வந்ததும் ஒரு பாட்டம் திட்டி, கடைசியில் சமாதானமாகிவிடலாம்.

போன் வந்தது. அவன்தான். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்தாள்.

நாள் முழுக்க மீட்டிங், போனை எடுக்க முடியவில்லை என்றான். பரவாயில்லை என்றாள். கூட்டம் முடிந்ததா என்று கேட்டான். முடிந்தது என்றாள்.

"ஸ்க்ரீன் வந்துச்சா?" என்றான்.

பெரியவள் கையில் எடுத்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள். திரை வராத விஷயம் இந்த வீட்டில் மாமனாருக்குக்கூடத் தெரியாது.

சின்னவள் போனை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"வந்துச்சு. எல்லாரும் என்னை வேலை கிடைச்சுதான்னுதான் கேட்டாங்க. நீங்க ஏன் ஸ்க்ரீன் வந்துச்சான்னு கேக்கறீங்க?"